பதினொரு ஒன்றுகள்

கெமி நகரத்து மர ஆலையில்
காபிக்கு இன்னும் கூப்பன் வெட்டிய காலம்.
ஹில்யா வான்ஸ்கா பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
பதினொரு ஒன்றுகளை வரிசையாக எழுதினாள்.
ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே
பதினொரு லட்சத்துப் பதினோராயிரத்து
நூற்றுப் பதினொன்று.
நான் வாய்விட்டுப் படித்து முடிப்பதற்குள்
ஜன்னலில் பனி ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

பன்னிரண்டு என்றால் சுலபம் என்றாள்,
நம் பலகை மாதிரி இரண்டிரண்டாகக் கட்டிவிடலாம்.
பதினொன்றை எப்படிக் கட்டினாலும்
ஒன்று வெளியே நின்று நடுங்கும்.
கடைசி இலக்கம் ஒன்று:
இரண்டும் ஐந்தும் வாசலோடு போயின.
கூட்டுத்தொகை பதினொன்று: மூன்றுக்கு இடமில்லை.
உடைவதானால் ஒரே ஏணி.
ஒன்றில் கால் ஊன்றி
இருபத்திரண்டு இருபத்திரண்டாக ஏற வேண்டும்,
பகா எண் நிற்கும் படியில் மட்டும்
நின்று வகுத்துப் பார்க்க வேண்டும்.
ஏன் இருபத்திரண்டு என்று கேட்டேன்.
விளக்கினாள்.
தலையாட்டினேன்.

உடையாது என்று நான் அரைக்கிலோ காபி கட்டினேன்.
பகலெல்லாம் ரம்பத்துக்குப் போகும் கட்டைகளை எண்ணுகிறவன்;
உடையாத ஒன்றின் மேல் எனக்கு ஆசை.
உடையும் என்று அவள்.

குளிர்காலம் முழுக்க
அலுவலகம் பூட்டிய பிறகு
கணக்குப்பொறியின் கைப்பிடி சுற்றியது.
அளவுக்கு மீறிக் கழித்தால் அதில் மணி அடிக்கும்;
ஒரு சுற்று பின்னால் திருப்பி
மீதியை எழுதிக்கொள்வாள்.
இருபத்து மூன்று, மணி.
அறுபத்தேழு, மணி.
எண்பத்தொன்பது, மணி.
மேற்பார்வையாளர் ரெய்யோனென்
தேவாலயத்தில் யாருக்கோ சாவு என்று நினைத்து
ஒருமுறை தொப்பியைக் கழற்றினார்.

மார்ச்சில் ஒரு லட்சத்து ஐயாயிரத்தைத் தாண்டினாள்.
வர்க்கமூலம் முடிந்தது,
இனிமேல் தேடுவதில் அர்த்தமில்லை.
ஆயிரம் வகுத்தல், ஆயிரம் மீதி,
ஒரு பூஜ்யமும் இல்லை.
கூப்பன்களை மேஜையில் எண்ணி வைத்தாள்.
அன்றிரவே வறுத்து இடித்து
இருவருமாகக் குடித்தோம்,
ஒரு பகா எண்ணின் நலத்துக்கு.

மே மாதம் ஆறு உடைந்தது.
கொக்கிக் கழியோடு நான்
மிதக்கும் கட்டைகளின் மேல் நின்றிருந்தேன்.
அலுவலகச் செருப்போடு சேற்றில் வந்து
பேரேட்டைத் தலைக்கு மேல் உயர்த்தினாள்.
வகுஎண் பெரிதாக ஆக ஈவு சிறிதாகணும் இல்லையா,
என்று கரையிலிருந்து கத்தினாள்,
இந்த வரியில் மட்டும் ஏறியிருக்கு பார்!
எனக்கு அங்கிருந்து எதைப் பார்க்க?

இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது.
ஏணியில் தொள்ளாயிரத்து எண்பத்து நான்காவது படி.
ஜனவரியில் ஒரு ராத்திரி
விறைத்த விரல் ஆறையும் நாலையும் இடம் மாற்றியிருக்கிறது.
பொறி பாவம், கேட்டதற்குப் பதில் சொன்னது:
மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று.
இன்று காலை சரியாக அழுத்திச் சுற்றினாளாம்.
வரிசையாகப் பூஜ்யங்கள்.
மறுபாதி
ஐந்து லட்சத்துப் பதின்மூவாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது.
அதுவும் அதே ஏணியில்தான் நிற்கிறது,
ரொம்ப உயரத்தில்.

நாங்கள் கோப்பையை உயர்த்திய இரவிலும்
அது உடைந்துதான் கிடந்திருக்கிறது.
யாரும் எண்ணத் தொடங்குவதற்கு முன்பும்.
எனக்கு அது கொஞ்சம் அவமானமாக இருந்தது,
எண்ணுக்கு இல்லை.

கூப்பன் ஒழிந்த வருடம்
கடனைத் திருப்பிக் கொடுத்தேன்,
அரைக்கிலோ, வறுக்காத கொட்டை.
அடுத்து பதின்மூன்று ஒன்றுகள் என்றாள்,
அதற்கு ஏணி இருபத்தாறு இருபத்தாறாக.
புதுப் பேரேடு, புது நிப்பு,
மூன்று குளிர்காலம் ஆகும் என்று கணித்திருந்தாள்.

இரண்டாவது படியிலேயே உடைந்தது.
ஐம்பத்து மூன்று.
அடுப்பில் தண்ணீர்கூடக் கொதிக்கவில்லை.
சற்று நேரம் கைப்பிடியைப் பிடித்தபடியே இருந்தாள்;
பிறகு எழுந்து
ஜன்னல் பனியைச் சுரண்டத் தொடங்கினாள்.